பெல்லா நாட்ரஸ் ஆள் மாற்றி எழுப்பிய நாள்

சட்டம் லண்டனில் பாஸாகிறது. அதற்கு வெந்நீர் வைப்பது என்னவோ வடக்கே கரிச்சுரங்க ஊரான கெட்டில்பர்னின் பெண்பிள்ளைகள்தான்.

1910ஆம் வருஷம் பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளில் பெல்லா நாட்ரஸ் சேர்ந்தாற்போல மூன்று மணி நேரம் படுத்தது கிடையாது. அந்த வீட்டுப் பாட்டைக் கேளுங்கள். மூத்த மகன் பேர் மேட், அவனுக்கு விடிகாலை நாலு மணி ஷிப்டு. மூன்று மணிக்கு எழுப்ப வேண்டும். இளையவன் லான்ஸுக்குக் காலை பத்து மணி ஷிப்டு. அவன் கிளம்பி மூன்று மணி நேரத்துக்குள் மேட் கரி அப்பிக்கொண்டு வந்து நிற்பான். அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டி, வெந்நீர், சாப்பாடு. அவன் படுத்தால் பெல்லாவின் தம்பி ஆம்புரோஸ் எழுந்திருப்பான். அவனுக்குச் சாயங்காலம் நாலு மணி ஷிப்டு. அவன் போனதும் லான்ஸ் வருவான், மறுபடி தொட்டி, மறுபடி வெந்நீர். ஆம்புரோஸ் திரும்பும்போது ராத்திரி பதினொன்றரை. அவன் குளித்துச் சாப்பிட்டு, ஈரத்துணியை அடுப்புக் கம்பியில் போட்டு, காய்ந்ததைச் சுவரில் அடித்துத் தூசி போக்கி வைத்துவிட்டு அவள் காலை நீட்டும்போது பன்னிரண்டரை தாண்டிவிடும். மூன்று மணிக்கு மேட்.

படுக்கையாவது ஆறியதா என்றால் அதுவும் இல்லை. ஒருத்தன் எழுந்த சூட்டில் இன்னொருத்தன் விழுந்தான்.

போன டிசம்பர் வரை இப்படியா இருந்தது? கரி வெட்டுகிறவர்களுக்கு இரண்டே ஷிப்டு. ஆளுக்கு ஏழு மணி நேரம். ராத்திரி ஒன்பதுக்கு அடுப்பை மூடிவிட்டு ஊரே படுக்கும். இப்போது மூன்று ஷிப்டு. இதைக் கொண்டுவந்த மகராசன் யார் என்று தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் கையை நீட்டி பெல்லா வீட்டுக் கதவைக் காட்டுவாள். ஏனென்றால் குழிக்குள் யாரும் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிற அந்தச் சட்டத்துக்குக் கையைத் தூக்கிய எம்.பி. ஜோசையா நாட்ரஸ், பெல்லாவின் புருஷன்.

அன்றைக்குக் காலை எட்டு மணிக்குக் குழாயடியில் இவள் வாளியை வைத்ததும் பேச்சு நின்றது. வடக்கேயிருந்து ஆலங்கட்டி கலந்த காற்று அடித்துக்கொண்டிருந்தது. குழாய் மூக்கில் பனி கட்டி, தண்ணீர் நூலாக இறங்கியது. ஆறு ஆண்பிள்ளைகளை வைத்துச் சமாளிக்கிற டோர்கஸ் ரெய்ன்தான் வாயைத் திறந்தாள்.

"வாங்க எம்.பி. பொண்டாட்டி. தண்ணி எடுக்க வேலைக்காரி வரலையா?"

"வழியை விடு டோர்கஸ். அடுப்புல ரொட்டி இருக்கு."

"எங்க வீட்லயும்தான் இருக்கு. நேத்து ரொட்டியை அடுப்புல வச்சுட்டு நின்னுக்கிட்டே தூங்கிட்டேன், தெரியுமா? கருகின ரொட்டியைப் பாத்துட்டு என் வீட்டுக்காரன் கேக்குறான், கரியை வெட்டிட்டு வந்தா கரியையே திங்கக் குடுக்குறியேன்னு. உன் புருஷன் வந்திருக்காராமே?"

"ராத்திரி கடைசி ரயில்ல."

"தூங்குறாரா?"

பெல்லா வாளியைக் குழாய்க்கு நேராக நகர்த்தினாள்.

"தூங்கட்டும், தூங்கட்டும். இன்னைக்கு ரெண்டரைக்குச் சங்கக் கூட்டம். மறுபடி அவரை நிறுத்தலாமா வேண்டாமான்னு கை தூக்கப் போறாங்க. நாங்களும் வர்றோம். உள்ள விடமாட்டாங்க, சரி. வெளிய நின்னு அடுப்புத் தகரத்தை அடிப்போம்ல? அவர் பேசுறது அவருக்கே கேக்காது."

தகரம் அடிப்பது கெட்டில்பர்னில் லேசான காரியம் இல்லை. வேலைநிறுத்தத்தில் திருட்டுத்தனமாக வேலைக்குப் போகிறவன் வீட்டு வாசலில்தான் அடிப்பார்கள். அதை வாங்கிக்கொண்டவன் அப்புறம் ஊரில் இருந்ததாகச் சரித்திரம் கிடையாது. பெல்லாவுக்கும் அது தெரியும். ஆனாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தே நடந்தாள். பாதித் தண்ணீர் பாவாடையில் சிந்தியது.

ஜோசையா மூன்று மாதம் கழித்து வந்திருந்தார். பத்து வயதில் குழிக்குள் இறங்கிய ஆள். இருபது வருஷம் கரி வெட்டினார். பிறகு, கம்பெனிக்காரன் எடையில் ஏமாற்றாமல் பார்க்க ஆட்கள் ஓட்டுப்போட்டு எடைமேடையில் நிறுத்தி வைக்கிற வேலை. அங்கிருந்து மாவட்டச் சங்கம். அங்கிருந்து, நாலு வருஷத்துக்கு முன்னால், பார்லிமென்டு. அன்றைக்கு இதே டோர்கஸ் தன் தோளில் இருந்த போர்வையை உருவி அவர் கால் படுகிற சேற்றில் விரித்தவள். அவரிடம் கறுப்புக் கோட்டு ஒன்று, தொப்பி ஒன்று. அதற்கு மேல் லண்டன் அவருக்கு என்ன கொடுத்தது என்று பெல்லாவுக்குத் தெரிந்ததில்லை.

சொந்த ஊர்ச் சங்கக் கிளையே கைவிட்டால் மற்ற ஊர்க் கிளை ஒன்றும் அவருக்காக நிற்காது. தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்தது. நேற்று ராத்திரி ஆம்புரோஸுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இதை அவரிடம் சொன்னாள். அவர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "பாப்போம்" என்றார். அந்தப் பாப்போம் என்கிற ஒரு சொல்லோடு மாடிக்குப் போய், லான்ஸ் பக்கத்தில் இடம் இருந்ததால் அங்கேயே சுருண்டுவிட்டார்.

ஒன்பது மணிக்கு லான்ஸை எழுப்ப வேண்டும். பெல்லா தட்டை ரொட்டியைப் பிளந்து, பன்றிக் கொழுப்பு தடவி, தகர டப்பாவில் அடைத்தாள். குப்பியில் சர்க்கரை இல்லாத தேநீர். அடுப்புக் கம்பியிலிருந்து குழித்துணியை எடுத்து மடித்து, எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டு ஏணிப்படி ஏறினாள். மாடியில் இருட்டு. கம்பளிக்குள் ஒரு தோள் தெரிந்தது. அதைப் பிடித்து உலுக்கினாள்.

"டேய், எந்திரி. மணி ஒன்பதாச்சு. எந்திரிடா, கூட்டாளி காத்திருப்பான்."

தோள் அசைந்தது. ஒரு முகம் எழுந்து அவளைப் பார்த்தது. அவளும் பார்த்தாள். துணியை மடியில் போட்டாள், டப்பாவைப் பக்கத்தில் வைத்தாள். "கழுத்துத் துணியை மறக்காத, காத்து அறையுது" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். வந்தவள் கொல்லைப்பக்கம் சாம்பல் கொட்டப் போனாள். திரும்பும்போது டப்பாவும் இல்லை, வாசலில் இருந்த குழிபூட்ஸும் இல்லை. ஒரு ஆள் கிளம்பியாயிற்று என்று நிம்மதியாக மாவு பிசைய உட்கார்ந்தாள்.

பத்தரை மணிக்கு ஏணிப்படி கிறீச்சிட்டது. தலையைச் சொறிந்துகொண்டு லான்ஸ் இறங்கினான்.

"அம்மா, மணி என்ன? ஏன் என்னை எழுப்பல?"

பெல்லா மாவுக் கையோடு அவனையே பார்த்தாள். "உன்னைத்தான் எழுப்புனேனே. நீ போயிட்டியே."

"நான் எங்க போனேன்? இப்பத்தான் முழிக்கிறேன். என் பூட்ஸ் எங்க?"

இரண்டு பேருடைய பார்வையும் ஒரே நேரத்தில் கதவு ஆணிக்குப் போயிற்று. ஆணியில் கறுப்புக் கோட்டு தொங்கியது. மேலே தொப்பி. கீழே, லண்டனில் வாங்கிய மெல்லிய பூட்ஸ் ஜோடியாக இருந்தது.

"ஐயையோ" என்றாள் பெல்லா. "ஐயையோ, உங்கப்பனை அனுப்பிட்டேனே!"

லான்ஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பார்லிமென்டு மெம்பர் என் டப்பாவைத் தூக்கிட்டுக் குழிக்குப் போயிட்டாரா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அம்மா சிரிக்கவில்லை என்று கொஞ்சம் தாமதமாகத்தான் அவனுக்குத் தெரிந்தது. அவள் மாவுக் கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு மணிக்கு முன்னாடி மேல வரமுடியாதுடா. ரெண்டரைக்குக் கூட்டம்."

"அப்பாவுக்கு வாய் இல்லையா? ஆள் மாறிருச்சுன்னு சொல்லிட்டுப் படுத்திருக்கலாம்ல?"

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. அந்த முகம் தன்னைப் பார்த்ததை இப்போது நினைத்துப் பார்த்தாள். மீசை நரைத்த முகம். முப்பது வருஷமாகப் பார்க்கிற முகம். அதைப் பார்த்தும் அடையாளம் தெரியாமல், பெற்ற பிள்ளை என்று நினைத்துத் துணியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அவருக்குத் தெரிந்திருக்கும். இவளுக்குக் கண் திறந்திருக்கிறது, உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்திருக்கும்.

பதினொன்றே முக்காலுக்கு மேட் வந்தான். கதவைத் திறந்ததுமே, "அப்பாவைக் குழிக்குள்ள பாத்தேன்" என்றான். கரி முகத்தில் கண் மட்டும் வெள்ளையாக முழித்தது.

"என்னடா சொன்னாரு?"

"என்ன சொல்வாரு. நான் வெளிய வர்றேன், அவர் குனிஞ்சு உள்ள போறாரு. 'என்னடா, எம்.பி.க்கு வழிவிட மாட்டியா'ன்னாரு. விளக்கறையில லான்ஸ் துணியில கிடந்த பேர் வில்லையைக் குடுத்து விளக்கு வாங்கியிருக்காரு. அங்க இருந்தவனுக்குச் சிரிப்பு தாங்கல. ஏம்ப்பா இதெல்லாம்னு கேட்டேன். 'உன் தம்பி தூங்கட்டும்டா, உங்கம்மாகிட்ட ஒண்ணும் கேக்காத'ன்னுட்டுப் போயிட்டாரு. அம்பத்திமூணு வயசும்மா. எத்தனையோ வருஷமா மண்வெட்டி பிடிக்காத கை."

அவன் தொட்டிக்குள் குந்தினான். பெல்லா கைகளுக்கும் மார்புக்கும் சோப்புப் போட்டாள். முதுகைத் தொடவில்லை. முதுகைக் கழுவினால் இடுப்பில் பலம் போய்விடும் என்று அந்த ஊர் ஆட்கள் யாருமே கழுவ விடமாட்டார்கள்.

"நீ கை தூக்குவியா அவருக்கு?" என்று கேட்டாள்.

"மாட்டேன்."

"டேய்."

"மாட்டேம்மா. நாங்க ஏழு மணி நேரம் வெட்டிட்டு நிம்மதியா இருந்தோம். எட்டு மணி நேரச் சட்டம் வேணும்னு யார் அழுதா?"

"அது உங்களுக்கு இல்லடா. கரிவண்டி தள்ளுற பொடிப் பசங்களுக்கு. நீங்க ஏழு மணி நேரத்துல வந்துருவீங்க. அதுக பத்து, பதினோரு மணி நேரம் உள்ள கிடந்ததுகள்ல?"

"சரி, பசங்க எட்டு மணி நேரத்துல வெளிய வர்றாங்க. நல்லது. அதைச் சாக்கா வச்சு முதலாளி மூணாவது ஷிப்டைப் போடுவான்னு அப்பாவுக்குத் தெரியாதா? எடைமேடையில நின்னவருக்கு முதலாளி புத்தி தெரியாதா? உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாத்தியா நீ? ஆள் மாத்தி எழுப்புற. நாளைக்கு அடுப்புலயே விழுவ." அவன் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். "இவ்வளவு பேர் திட்டுறாங்க. அப்பா வாயைத் திறந்து ராபி பேரை ஒரு தடவை சொன்னா போதும், ஊரே அடங்கிரும். ஏன் சொல்ல மாட்டேங்கிறாரு? மறந்துட்டாரா?"

பெல்லாவின் கையில் சோப்பு நின்றது.

ராபி அவளுடைய மூன்றாவது பிள்ளை. பதின்மூன்று வயசு. குழிக்குள் குதிரை ஓட்டினான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், பத்தாவது மணி நேரத்தில், தண்டவாளத்து ஓரமாக உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டான். பின்னால் வந்த கரிவண்டிகளை யாரும் நிறுத்த முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முகத்தில் ஒரு கீறல் இல்லை. தூங்குகிற முகம்தான். அன்றைக்குக் காலை எழுப்பும்போது, "இன்னும் கொஞ்சம்மா" என்று கெஞ்சினான். இவள் போர்வையை உருவினாள்.

அடக்கம் முடிந்த அன்றைக்கு ஜோசையாவின் சட்டையைப் பிடித்து, "பிள்ளைக வேலை நேரத்தைக் குறைக்காம நீ என் மூஞ்சியில முழிக்காத" என்றாள். அதற்கு மறுவாரம் எங்கிருந்தோ ஒரு தலைவர் வந்து மேடையில் ராபியின் பேரைச் சொல்லி, கூட்டத்தை அழவைத்து, கைதட்டு வாங்கினார். கைதட்டுச் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாள்.

"அவர் மறக்கலடா" என்றாள் மேட்டிடம். "நான்தான் சத்தியம் வாங்குனேன். என் பிள்ளை பேரை எந்த மேடையிலயும் சொல்லக் கூடாதுன்னு. கைதட்டு வாங்குறதுக்கா நான் அவனைப் பெத்தேன்? இந்தச் சட்டத்தைக் கேட்டதும் நான்தான். ஊருக்குத்தான் அது அவர் போட்ட சட்டம்."

மேட் தொட்டிக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தான். கரித்தண்ணீர் அவனைச் சுற்றி ஆறிக்கொண்டிருந்தது. "அப்பவும் மூணு ஷிப்டு தப்புதாம்மா" என்றான்.

"தப்புதான்" என்றாள் பெல்லா.

ஒரு மணிக்குச் சங்கக் கிளைச் செயலாளர் கத்பர்ட் ஹெப்பிள் வந்தார். ஒல்லியான மனிதர். எந்த நேரமும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி இருப்பார்.

"ஜோசையா ரெடியா? முன்னாடியே ரெண்டு வார்த்தை பேசிக்கலாம்னு வந்தேன்."

"குழிக்குள்ள இருக்காரு" என்றான் லான்ஸ்.

"விளையாடாதடா."

"சத்தியமா. என் பூட்ஸைப் போட்டுட்டு."

விஷயம் கேட்டதும் கத்பர்ட் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "போச்சு. எல்லாம் போச்சு. இன்னைக்கு முந்நூறு பேர் வருவான். ஜோசையா நேர்ல நின்னாலே கஷ்டம். ஆளே இல்லைன்னா, பயந்து ஒளிஞ்சுக்கிட்டான்னுதான் சொல்லுவான். குழிக்குள்ள போனாருன்னு நான் சொன்னா, தேர்தல் நாடகம்னு சிரிப்பான். தள்ளி வைக்கவும் முடியாது, நாளைக்கு மனு வாங்குறாங்க. யார் பேசுவா அவருக்காக? நான் பேசுனா என் பொண்டாட்டியே கேக்க மாட்டா."

பெல்லா ஆம்புரோஸுக்கு வேண்டியதை மேசையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நேற்றைய சூப்பு, ரொட்டி, டப்பா. துணியால் மூடினாள். கையைத் துடைத்தாள்.

"நான் வர்றேன்" என்றாள்.

"நீங்களா? பொம்பளைங்க யாரும் இதுவரைக்கும் உள்ள வந்தது இல்லையே பெல்லா."

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஆம்பளைக்குத் தொட்டியில தண்ணி ஊத்துறதும் இதுவரைக்கும் இல்ல. நான் ரெண்டே வார்த்தைதான் சொல்லணும். சொல்லிட்டு வந்துருவேன்."

அந்த இரண்டு வார்த்தை என்ன என்று மேட்டுக்குத் தெரிந்தது. "அம்மா, வேண்டாம்" என்றான். "நீதானே சத்தியம் வாங்குன."

"வாங்குனவ நான்தானே. நானே திருப்பிக் குடுக்குறேன்." போர்வையை எடுத்துத் தலையோடு போட்டுக்கொண்டாள். பதினோரு வருஷமாக வீட்டுக்குள்கூட உரக்கச் சொல்லாத பேரை முந்நூறு ஆண்பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லப் போகிறாள். சொன்னால் ஜெயிக்கும். ஜெயிக்கும் என்பதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சொல்லாவிட்டால், தான் கேட்டு வாங்கிய சட்டத்துக்காக அந்த மனுஷன் ஊருக்கு வேண்டாதவனாகப் போவார். அதையும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

சங்கக் கட்டடத்துக்கு முன்னால் நாற்பது ஐம்பது பெண்கள். ஆலங்கட்டி மழையாக மாறியிருந்தது. அடுப்பு வாயை மூடுகிற தகரத்தை ஒவ்வொருத்தியும் கழற்றிக்கொண்டு வந்து கரண்டியால், பூட்ஸால், அடுப்பு கிளறும் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தாள். காது அடைத்தது. டோர்கஸ் குறுக்கே வந்து நின்றாள்.

"உன் புருஷன் எங்க? பொண்டாட்டி பாவாடைக்குப் பின்னால வர்றானா?"

"அவர் உன் வீட்டுக்காரன் பக்கத்துலதான் கரி வெட்டிக்கிட்டு இருக்காரு. சாயங்காலம் கேட்டுக்கோ."

"என்னது?"

"தள்ளு டோர்கஸ். நின்னா விழுந்துருவேன்."

டோர்கஸ் அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். என்ன தோன்றியதோ, தகரத்தை இறக்கி வழிவிட்டாள்.

உள்ளே புகையிலையும் ஈரக் கம்பளியும் கலந்த வீச்சம். முந்நூறு தலையும் திரும்பியது. மேடையில் இருந்த தலைவர் எழுந்து, "சங்க விதிப்படி..." என்று ஆரம்பித்தார். "விதியை அப்புறம் பாக்கலாம், கிழவா, அந்தம்மாவுக்கு நாற்காலி போடு" என்று யாரோ கத்தினார்கள். கத்பர்ட் நாற்காலியைத் தேடி எடுத்துவந்து இரும்பு அடுப்புக்குப் பக்கத்தில் போட்டார்.

"மூணாவது ஆளாக் கூப்பிடுவாங்க" என்று காதில் சொன்னார். "அதுவரைக்கும் உக்காருங்க."

பெல்லா உட்கார்ந்தாள். அன்றைக்கு விடிகாலை மூன்று மணிக்குப் பிறகு மாவு பிசைந்த நேரம் தவிர இப்போதுதான் உட்காருகிறாள். முதலில் ஒருத்தன் எழுந்து பேசினான். என் பெண்டாட்டி பிள்ளை உண்டாகியிருக்கிறாள், ராத்திரி முழுக்க வாளி தூக்குகிறாள், ஜோசையா நாட்ரஸ் வந்து தூக்குவாரா என்று கேட்டான். நியாயமான கேள்வி என்று பெல்லா நினைத்தாள். அவனுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். இரண்டாமவன் ஆரம்பித்தான். அடுப்பின் சூடு முழங்காலில் ஏறி, மடியில் ஏறியது. என் மகன் ராபர்ட் நாட்ரஸ், பதின்மூன்று வயசு. இப்படித்தான் தொடங்க வேண்டும். என் மகன் ராபர்ட். வெளியே தகரச் சத்தம் கேட்டது. பிறகு எங்கேயோ தூரத்தில் கேட்டது.

யாரோ அவள் தோளில் கை வைத்திருந்தார்கள்.

பதறி எழுந்தாள். "மணி என்ன? ஆம்புரோஸ்! ஆம்புரோஸை எழுப்பணும்!"

"அவன் போயாச்சு. லான்ஸே சாப்பாடு போட்டு அனுப்பிட்டான். உக்காரு."

ஜோசையா. தலையிலிருந்து கால்வரை கரி. முழங்கை தோல் உரிந்து ரத்தமும் கரியும் சேர்ந்து காய்ந்திருந்தது. லான்ஸின் பூட்ஸ் அவருக்குப் பெரிது. கூடத்தில் விளக்கு ஏற்றியிருந்தது. பெஞ்சுகள் காலி. கதவோரம் மேட் சுவரில் சாய்ந்து நின்றான். தன் மேல் மூன்று கோட்டுகள் போர்த்தியிருப்பதை பெல்லா அப்போதுதான் பார்த்தாள். ஒன்றும் அவள் வீட்டுக் கோட்டு இல்லை.

"கூட்டம்?"

"முடிஞ்சிருச்சு. ஆறு மணி ஆகப்போகுது."

"நான் பேசலையே" என்றாள். "ஐயோ, நான் பேசவே இல்லையே! ரெண்டு வார்த்தை. அதுக்குள்ள தூங்கிட்டேனே பாவி. ஏன்டா மேட், நீ பக்கத்துலதானே இருந்த, எழுப்பக் கூடாதா?"

மேட் தரையைப் பார்த்தான். "உன் முறை வந்துச்சு. தலைவர் பேரைக் கூப்பிட்டாரு. பாத்தா நீ தூங்குற. யாரோ எழுப்பப் போனாங்க. நான்தான் வேண்டாம்னேன். எனக்கும் ஆத்திரம். நல்லா பாருங்கடா, அவர் போட்ட சட்டம் அவர் பொண்டாட்டியை என்ன பண்ணியிருக்குன்னு கத்திட்டேன். ஒருத்தன் கோட்டைக் கழட்டி உன்மேல போட்டான். டோர்கஸ் அத்தை ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு வெளிய அடிச்ச தகரத்தையெல்லாம் நிறுத்திட்டா. அப்புறம் எல்லாரும் மெதுவாத்தான் பேசுனாங்க. ஜோசையா வேண்டாங்கிறவங்க கை தூக்குங்கன்னு தலைவர் சொன்னாரு. பாதிக்கு மேல தூக்கிட்டாங்க. நானும் தூக்குனேன்."

"தோத்துட்டாரா?"

"இரும்மா. கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறோம், கத்பர்ட் எண்ணிக்கிட்டு வர்றாரு. அப்ப நீ பேசுன."

"நான் என்ன பேசுனேன்? நான் தூங்கிட்டேன்ல?"

மேட் அப்பாவைப் பார்த்தான். ஜோசையாதான் சொன்னார், நெருப்பைப் பார்த்துக்கொண்டு.

"ராபி, எந்திரிடா. மணி மூணாச்சு. எந்திரி கண்ணு, இன்னைக்கு ஒரு நாள் போயிட்டு வந்துரு, நாளைக்குத் தூங்கலாம். இதைத்தான் சொன்னியாம். ரெண்டு தடவை. கையை நீட்டிப் போர்வையை இழுக்குற மாதிரி இழுத்தியாம்."

கூடத்தில் அடுப்புக் கரி சரிகிற சத்தம் கேட்டது.

"யாரும் ஒண்ணும் சொல்லலைம்மா" என்றான் மேட். "எல்லாருக்கும் தெரியும்ல, ராபி யாருன்னு. கை ஒண்ணொண்ணா இறங்கிருச்சு. எனக்கும் இறங்கிருச்சு. மறுபடி எண்ணுனாங்க. வேண்டாம்னு தொண்ணூத்தாறு. வேணும்னு தொண்ணூத்தொம்பது. மிச்சப் பேரு கையைப் பாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டாங்க."

பெல்லா அழவில்லை. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போர்வையை இழுத்த கை.

"மூணு ஓட்டு" என்றார் ஜோசையா. "மேல வந்ததும் கத்பர்ட் ஓடிவந்து கையைப் பிடிச்சுக் குலுக்குறான். எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருக்கு. எத்தனை மேடையில தொண்டை வரைக்கும் வந்து முழுங்கினேன் அந்தப் பேரை. இப்ப அவன் தோள்ல ஏறியே நான் லண்டன் போகணுமா? வேண்டாம் பெல்லா. காலையில உன் மூஞ்சியைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பசங்களை மேல கொண்டுவந்தேன். உங்களைக் கீழ தள்ளிட்டேன். நாளைக்கு மனு குடுக்கலைன்னு எழுதிக் குடுத்துர்றேன். லான்ஸ் பக்கத்துல எனக்கும் ஒரு இடம் தருவாங்க, வெட்டிட்டுப் போறேன்."

"வெட்டுவ" என்றாள் பெல்லா. "வெட்டிட்டு வந்து நாலாவது ஆளா என் தொட்டியில உக்காருவ. உனக்கும் நான் தண்ணி ஊத்தணும்."

அவள் எழுந்தாள். மூன்று கோட்டுகளையும் ஒவ்வொன்றாக மடித்து நாற்காலியில் வைத்தாள். பிறகு அவருடைய கரிச்சட்டையை, பதினோரு வருஷத்துக்கு முன்னால் பிடித்த அதே மாதிரி, நெஞ்சுக்கு நேராகக் கொத்தாகப் பிடித்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"அன்னைக்கு இன்னும் கொஞ்சம்மான்னு கெஞ்சுனான். விடாம எழுப்புனேன். இன்னைக்கும் நான்தான் எழுப்பியிருக்கேன், முந்நூறு பேருக்கு முன்னால. உனக்குக் கூசினா கூசட்டும். போ. போய் இந்த மூணாவது ஷிப்டை ஒழிச்சுட்டு வந்து படு. அதுவரைக்கும் இந்த வீட்டுல உனக்குப் படுக்கை கிடையாது."